பன்னிரண்டாம் தேதி, மாலை 4 மணி

மேலூரில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தங்கை முறை. வாசலில் ஒரு இளைஞர் வந்து நின்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தோளில் பை. மாவு வாங்க வந்தவர் என்று நினைத்து, "ஒரு கிலோவா, ரெண்டா தம்பி?" என்று அடுப்படியில் இருந்தே கேட்டாள். அவர் மாவுக்கு வரவில்லை. மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புக்காக அந்த வட்டாரத்தில் 12 வீடுகள் தேர்வாகியிருந்தன. அதில் இந்த வீடும் ஒன்று.

பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு வேலைக்கு வந்தார்.

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்கக்கா?"

"நானா? வீட்ல சும்மாதான் இருக்கேன். அவருதான் வேலைக்குப் போறாரு."

அவள் இதைச் சொல்லும்போது பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர் கிரைண்டரைப் பார்த்தார். வாசலில் தொங்கிய 'இங்கு இட்லி மாவு கிடைக்கும்' அட்டையைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"மாவு அரைச்சு விக்கிறீங்கள்லக்கா?"

"அது ஒரு வேலையா தம்பி?"

"போன ஏழு நாள்ல எந்தெந்த நாள் அரைச்சீங்க? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஊறப்போடுவது, அரைப்பது, பாக்கெட் கட்டுவது, கிரைண்டர் கல்லைக் கழுவுவது. ஆறு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லை. சொல்லி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்குக் குறியீடு 92. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 11. அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்திருந்தால் முதல் பதிலைக் கேட்டதுமே அவர் 92-ஐத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. இப்படி வீடு வீடாகப் போகும் களப் பணியாளர்களில் கணிசமானோர் ஒப்பந்த ஊழியர்கள். 92 போட்டாலும் 11 போட்டாலும் சம்பளம் ஒன்றுதான். நாட்டின் புள்ளியியல் அலுவலகம் என்றால் டெல்லியில் உள்ள கட்டடமும் அங்கிருந்து வரும் சதவீதங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த அலுவலகம் தொடங்கும் இடம் இந்தத் திண்ணை. இங்கே கூடுதலாகக் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளால்தான் பெண்களின் உழைப்பு நாட்டுக் கணக்கில் ஏறுகிறது, அல்லது ஏறாமல் போகிறது.

ஏறாமல் போவது எவ்வளவு என்பதையும் இதே அலுவலகம்தான் நமக்குச் சொன்னது. 2019-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று தெரியவந்தது. 'சும்மாதான் இருக்கேன்' என்ற சொல்லுக்கு ஐந்து மணி நேர நீளம் இருக்கிறது என்று ஒரு அரசு அறிக்கை சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

இந்தக் கணக்குகளின் விதிகளைக் கேலி செய்வது எளிது. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அந்த வாரம் வேலையில் இருந்தவர் என்று எழுதுகிறார்களே, இது என்ன நியாயம் என்று கேட்காத மேடை இல்லை. கேள்வி சரியானதே. ஆனால் இது உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ள அளவுகோல். எந்தக் கட்சி ஆண்டாலும் அதே கோலால் அளக்கிறார்களா, கோலை மாற்றினால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மாற்றுகிறார்களா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. கோல் குட்டையாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ஆள் பார்த்து நீளும் கோலால் ஒன்றும் தெரியாது.

அளக்கும் கையை எந்த அளவுக்குச் சந்தேகிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள டெல்டா வயலில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். எந்த வயல், அதில் எந்த மூலை என்பதை அதிகாரி தேர்ந்தெடுப்பதில்லை. சமவாய்ப்பு எண் அட்டவணை தேர்ந்தெடுக்கிறது. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். கயிற்றை ஒட்டி நிற்கும் குத்து உள்ளா, வெளியா? அங்கேதான் விவகாரம். 25 சதுர மீட்டரை ஹெக்டேராக்க 400-ஆல் பெருக்க வேண்டும். ஓரத்துக் குத்துகளைச் சேர்த்து கால் கிலோ கூடிவிட்டால் ஹெக்டேருக்கு நூறு கிலோ கூடிவிடும். பயிர்க் காப்பீடு இந்த விளைச்சல் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. விளைச்சல் குறைந்தால் விவசாயிக்கு இழப்பீடு, கூடினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மிச்சம். இரு தரப்பு ஆளும் வரப்பில் நிற்கும்போது, கயிறு பிடிப்பவர் யார் பக்கமும் இல்லாதவராக இருந்தாக வேண்டும்.

சிறு வெட்டில் ஓரப் பயிர் உள்ளே வந்து விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று புள்ளியியலாளர் பி.வி.சுகாத்மே அந்தக் காலத்திலேயே வாதிட்டார். அவர் மோதியது பி.சி.மகலனோபிஸுடன். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர், 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை உருவாக்கியவர், இன்றும் ஜூன் 29 அன்று யாருடைய பிறந்த நாளைப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோமோ அந்த மகலனோபிஸ். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நாட்டுக்கு அது நல்லதாகவே முடிந்தது.

மகலனோபிஸின் சாதனையாகப் பலரும் ஐந்தாண்டுத் திட்டத்தைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. வங்காளத்துச் சணல் வயல்களில் மாதிரிக் கணக்கு எடுத்தபோது, மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாதபடி தனித்தனிக் குழுக்களிடம் கொடுக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். இரண்டு விடையும் ஒட்டி வந்தால் நம்பலாம். விலகினால் எங்கோ கோளாறு. தன் ஆட்களையே நம்பாமல், தன்னையும் நம்பாமல், அந்தச் சந்தேகத்தைக் கணக்கெடுப்புக்குள்ளேயே ஓர் உறுப்பாக வைத்துத் தைத்துவிட்டார். 1943 பஞ்சத்துக்குப் பிறகு வங்காளக் கிராமங்களில் பிழைத்தவர்களின் கதி என்ன என்று மாதிரிக் கணக்கு எடுத்ததும் அவருடைய குழுதான். அன்றைய ஆட்சியாளர்களுக்கு உவப்பான தலைப்பு அல்ல அது.

புள்ளியியல் அலுவலகம் தவறே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய தவறுகளைச் செய்திருக்கிறது. 1999-2000 நுகர்வுக் கணக்கெடுப்பில், உணவுப் பொருளை எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுவிட்டார்கள். எந்தக் குடும்பத் தலைவியும் என்ன செய்வாள்? வாரத்துக்குச் சொன்னதை நான்கால் பெருக்கி மாதத்துக்கு ஒத்துப்போகச் சொல்வாள். அதிகாரபூர்வ வறுமை விகிதம் 1993-94-ல் இருந்த 36 சதவீதத்திலிருந்து 26.1 சதவீதத்துக்குச் சரிந்தது. சரிந்தது வறுமையா, கேள்வியா என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். பின்னாளில் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டனும் அதில் இருந்தார். அந்தச் சண்டை நடக்க முடிந்ததற்குக் காரணம், வீடு வீடாக எடுத்த அடிப்படைத் தரவு ஆய்வாளர்கள் கைக்குக் கிடைத்ததுதான். தவறு வெளியே கிடந்ததால் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. பூட்டி வைத்திருந்தால் பிழையும் தெரிந்திருக்காது, திருத்தவும் வழி இருந்திருக்காது.

பூட்டி வைப்பது என்றதும் தேதிக்கு வர வேண்டியிருக்கிறது. நுகர்வோர் விலைக் குறியீடு மாதந்தோறும் 12-ம் தேதி மாலை 4 மணிக்கு வெளியாகிறது. 2024 நவம்பருக்கு முன் 5.30 மணிக்கு வந்துகொண்டிருந்தது. எந்த அறிக்கை எந்த நாளில் வரும் என்ற அட்டவணை முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. பார்ப்பதற்குச் சின்ன அலுவலக நடைமுறை. ஆனால் புள்ளியியல் அலுவலகத்தின் மானம் முழுவதும் இந்த அட்டவணையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அறிக்கை என்ன சொல்லும் என்று தெரிவதற்கு முன்பே, அது என்று வரும் என்று முடிவாகியிருக்க வேண்டும். தக்காளி கிலோ நூறு ரூபாய்க்கு விற்கும் மாதத்திலும் 12-ம் தேதி 12-ம் தேதியாகவே இருக்க வேண்டும். தேர்தல் நடக்கும் மாதத்திலும்தான்.

இதை வெளிநாடுகளில் எவ்வளவு கறாராக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். பிரிட்டனில் முக்கியப் புள்ளிவிவரங்களை அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் 24 மணி நேரம் முன்னதாகவே காட்டும் வழக்கம் இருந்தது. 2017 ஜூலையிலிருந்து அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அதை நிறுத்திவிட்டது. ஒரு நாள் முன்னால் பார்த்தால் எண்ணை மாற்ற முடியாதுதான். ஆனால் எண்ணுக்கு ஒரு கதை கட்டலாம், தனக்குச் சாதகமான செய்தியை அதே நாளில் இறக்கிவிடலாம். அந்த ஒரு நாளைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

அமெரிக்காவில் நடந்தது நேர் எதிர். 2025 ஆகஸ்ட் 1 அன்று தொழிலாளர் புள்ளியியல் பணியகம் வெளியிட்ட அறிக்கை, மே, ஜூன் மாத வேலைவாய்ப்புக் கணக்கை 2,58,000 குறைத்துத் திருத்தியது. அன்றே அதன் தலைவர் எரிக்கா மெக்என்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவி நீக்கினார். முதல் கணக்கு அதுவரை வந்த நிறுவனங்களின் பதிலோடு வரும், மீதிப் பேர் பதில் அனுப்பியதும் திருத்தப்படும். இது அங்கே பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். முதலில் சொன்னது தவறு என்று தானே சொல்லும் அலுவலகத்தைப் பாராட்ட வேண்டும். அதையே குற்றமாக்கினால் அடுத்து வருபவர் திருத்தத் தயங்குவார்.

கிரீஸ் நாட்டு ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூவுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. பன்னாட்டு நிதியத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு 2010-ல் சொந்த நாட்டுக்கு வந்து புள்ளியியல் அமைப்புக்குத் தலைமை ஏற்றார். 2009-ம் ஆண்டின் பட்ஜெட் பற்றாக்குறை நான்கு சதவீதத்துக்கும் குறைவு என்று கிரீஸ் முதலில் ஐரோப்பாவுக்குச் சொல்லியிருந்தது. அது படிப்படியாக ஏறி, ஜார்ஜியூ கணக்குப் போட்டபோது 15.4 சதவீதத்தில் நின்றது. ஐரோப்பியப் புள்ளியியல் அமைப்பு அந்தக் கணக்கைச் சரி என்று ஏற்றுக்கொண்டது. கிரீஸில் அவர் மீது வழக்குப் போட்டார்கள். பற்றாக்குறையை ஊதிக் காட்டி நாட்டுக்கு நஷ்டம் உண்டாக்கினார் என்பது குற்றச்சாட்டு. அதில் விடுதலை ஆனார். ஆனால் 2017-ல் வேறொன்றுக்காக இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. பற்றாக்குறைக் கணக்கை அனுப்புவதற்கு முன் அமைப்பின் குழுவில் வாக்கெடுப்புக்கு விடவில்லையாம்! காய்ச்சல் 102 டிகிரியா என்பதை வீட்டாரிடம் கைதூக்கச் சொல்லியா முடிவு செய்வது?

அர்ஜென்டினா இன்னும் நேரடியாகவே செய்தது. 2007 ஜனவரியில் விலைக் குறியீட்டுப் பிரிவின் பொறுப்பில் இருந்த கிராசியெலா பெவாக்வாவை நீக்கியது. அதன் பிறகு அரசு சொன்ன பணவீக்கம் ஒன்று, கடையில் இருந்தது வேறொன்று. தனியாகக் கணக்குப் போட்டு வெளியிட்ட பொருளியலாளர்களுக்கு அபராதம் விதித்தார்கள். 2012-ல் 'தி எகனாமிஸ்ட்' அந்நாட்டு அரசின் பணவீக்க எண்ணைப் பிரசுரிப்பதையே நிறுத்தியது. 2013-ல் பன்னாட்டு நிதியம் கண்டனம் தெரிவித்தது. 2015 இறுதியில் வந்த புதிய அரசு பழைய குறியீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, நம்பும்படியான ஒன்று தயாராகும்வரை சில மாதம் எண்ணே இல்லாமல் இருந்தது.

நம் கதைக்கு வருவோம். நம் நாட்டில் யாரும் சிறைக்குப் போகவில்லை. தேதிதான் காணாமல் போனது.

2017-18-க்கான தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. வெளியாகவில்லை. 2019 ஜனவரி இறுதியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். ஓரிரு நாளில் 'பிசினஸ் ஸ்டாண்டர்ட்' நாளிதழ் அறிக்கையின் முடிவை வெளியிட்டது: வேலையின்மை 6.1 சதவீதம். அது இறுதியானது அல்ல என்றது அரசு. மக்களவைத் தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று அறிக்கை வந்தது. அதே 6.1 சதவீதம். முறை மாறியிருப்பதால் பழைய கணக்கோடு ஒப்பிடக் கூடாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. அதை அறிக்கையோடு சேர்த்து ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமே.

அதே ஆண்டு நவம்பரில் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முறை. 2017-18-ல் எடுத்தது. தலைக்கு மாதச் செலவு, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 2011-12-ல் இருந்த 1,501 ரூபாயிலிருந்து 1,446 ரூபாயாகக் குறைந்துவிட்டது என்று கசிந்தது. தரவின் தரத்தில் குறை இருப்பதால் இந்தக் கணக்கெடுப்பை வெளியிடுவதில்லை என்று அமைச்சகம் அறிவித்தது. அது இன்றுவரை வரவில்லை.

தரம் குறைவாகவே இருந்திருக்கலாம், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் இதற்கு நம்மிடமே ஒரு முன்னுதாரணம் இருந்தது. 2009-10 கணக்கெடுப்பின் முடிவுகள் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுக்குக் கசந்தன. வேலைவாய்ப்பு எதிர்பார்த்தபடி கூடவில்லை. வறட்சி ஆண்டு, வழக்கமான ஆண்டல்ல என்றார்கள். என்றாலும் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு 2011-12-ல் மறுபடியும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். இரண்டு அறிக்கையும் இன்றைக்கும் அலமாரியில் இருக்கின்றன. எது நம்பத்தக்கது என்று படிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம். பிடிக்காத கணக்கை என்ன செய்வது என்பதற்கு இதைவிடக் கண்ணியமான விடை எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்கைப் பூட்டிவைத்தால் நஷ்டம் ஆய்வாளர்களுக்கு மட்டும்தானே என்று நினைக்கிறோம். அப்படியில்லை. விலைக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பது நுகர்வுக் கணக்கெடுப்பிலிருந்துதான் வருகிறது. 2017-18 கணக்கு இல்லாமல் போனதால், 2011-12-ல் மக்கள் வாங்கியதை வைத்தே 2025 வரை விலைவாசியை அளந்தோம். அந்தக் கூடையில் உணவு, பானங்களுக்கு 45.86 சதவீத எடை. டிவிடி பிளேயருக்கும் ஆடியோ கேசட்டுக்கும்கூட அதில் இடம் இருந்தது. உணவின் எடை அவ்வளவு இருந்ததால் வெங்காயமும் தக்காளியும் ஏறும்போது பணவீக்கம் தூக்கிவாரிப் போட்டது. பணவீக்கத்தை நான்கு சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டிய கடமை ரிசர்வ் வங்கிக்கு. வங்கி வட்டியை முடிவு செய்ய, வட்டி நம் வீட்டுக் கடன் தவணையில் வந்து உட்கார்ந்தது. புதிய கணக்கெடுப்பு 2022-23-ல் நடந்து, 2024 பிப்ரவரியில் முதல் விவரம் வந்தது. 405 பொருள்கள், ஒரு வீட்டுக்கு மூன்று முறை நடை. நல்ல உழைப்பு. 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீடு 2026 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. (அரசு ஊழியர்களின் அகவிலைப்படி இதைவைத்துக் கணக்கிடப்படுவதில்லை. அது தொழிலாளர் பணியகத்தின் தனிக் குறியீடு. டீக்கடையில் இந்த இரண்டையும் குழப்பி நடக்கும் வாதத்தைத் தீர்த்துவைத்த புண்ணியமாவது எனக்குக் கிடைக்கட்டும்.)

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்துவது புள்ளியியல் அமைச்சகம் அல்ல, உள்துறை. ஆனாலும் தேதியின் கதை அங்கேயும் அதுவே. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, உலகப் போர் நடந்த 1941-ல்கூடச் சுருக்கமாகவேனும், எடுத்துவந்த கணக்கு 2021-ல் எடுக்கப்படவில்லை. பெருந்தொற்று காரணம் என்றார்கள். தொற்று போன பிறகும் ஆண்டுகள் போயின. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து இப்போது நடக்கிறது. இடையில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரேஷன் பெறத் தகுதியானவர் எண்ணிக்கை சுமார் 81 கோடி என்று 2011 கணக்கிலேயே நின்றது. அதன் பிறகு மணமாகித் தனிக் குடித்தனம் போன குடும்பங்கள் பல மாநிலங்களில் அட்டைக்கு அலைந்தன. எல்லாருக்கும் ரேஷன் என்ற தமிழ்நாட்டில் இதன் சூடு அவ்வளவாகத் தெரியவில்லை.

நமக்குத் தெரியப்போகும் சூடு வேறு. மக்களவைத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பங்கிட 1971 மக்கள்தொகைதான் அடிப்படை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அது மாறாது என்பது அரசியல் சட்டத்தின் 84-வது திருத்தம். வரும் கணக்கு அந்த எல்லையைத் தாண்டிய முதல் கணக்கு. நம் 39 தொகுதிகள் என்ன ஆகும் என்ற அரசியல் சண்டையை அரசியல்வாதிகள் போடட்டும். அதற்கு முன் ஒன்று வேண்டும். தலைகளை எண்ணியவர் யாருக்கும் கூட்டியும் எண்ணவில்லை, குறைத்தும் எண்ணவில்லை என்று மதுரைக்காரரும் பாட்னாக்காரரும் ஒருசேர நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பங்கீடும் பேச முடியாது.

எண்ண வருபவரைப் பார்த்து மக்கள் பயப்படுவதும் புதிதல்ல. முதலாம் குலோத்துங்கன் 1086-ல் நிலம் அளந்ததிலிருந்து, கோலோடு வருபவன் பின்னாலேயே வரி வரும் என்று ஊருக்குத் தெரியும். அந்த அச்சத்தைப் போக்கத்தான் 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு இருக்கிறது. ஒரு வீட்டார் கொடுத்த தகவலை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது, சிவில் வழக்குகளில் சாட்சியமாகவும் அது செல்லாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையிலான சொத்து வழக்கில்கூட, அன்றைக்கு இத்தனை பேர் இந்த வீட்டில் இருந்தார்கள் என்று கணக்கெடுப்பு ஏட்டைக் கொண்டுவந்து காட்ட முடியாது. 2020-ன் தொடக்கத்தில் குடியுரிமைச் சட்டச் சர்ச்சை உச்சத்தில் இருந்தபோது, வேறு கணக்கெடுப்புகளுக்குப் போன களப் பணியாளர்களைக்கூட மக்கள் சந்தேகப்பட்டு விரட்டிய செய்திகள் சில மாநிலங்களிலிருந்து வந்தன. அவர்கள் கேட்கப் போனது வீட்டுச் செலவும் தொழில் விவரமும். ஒரு கதவில் உடைந்த நம்பிக்கையின் விலையை எல்லாக் கதவுகளிலும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் மருந்து எழுதியவர் நம் ஊர்க்காரர். அரியலூரில் பிறந்த சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-ல் அறிக்கை கொடுத்தது. புள்ளியியலுக்கு ஒரு நிரந்தர ஆணையம் வேண்டும், அதற்குச் சட்ட அதிகாரம் வேண்டும் என்றது. 2005-ல் ஆணையத்தை அமைக்கும் தீர்மானம் வந்தது. சட்டம் வரவில்லை. வெறும் அரசுத் தீர்மானத்தால் பிறந்த ஆணையத்தால், தான் ஒப்புதல் கொடுத்த அறிக்கையைக்கூட வெளியிட வைக்க முடியாது என்பதை 2019 ஜனவரி காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆணையத்துக்கான ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டார்கள்.

யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத புள்ளியியலாளர்களுக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்தக் கணக்கை எடுப்பது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதையெல்லாம் நாடாளுமன்றமும் அரசும் முடிவு செய்யட்டும், அது அவர்கள் உரிமை. எடுத்து முடித்த கணக்கு வீட்டை விட்டு வெளியே போகலாமா என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்யக் கூடாது. தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போவதுபோல, புள்ளியியல் ஆணையமும் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லட்டும். கள வேலை முடிந்து இத்தனை மாதத்துக்குள் அறிக்கை, அடிப்படைத் தரவோடு, குறைகள் பற்றிய குறிப்போடு வெளிவந்தாக வேண்டும் என்று ஒரு பிரிவு சட்டத்தில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். தரம் சரியில்லை என்று நினைத்தால் அதையும் முதல் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும். இப்போது இதற்குச் சாதகமான காலமும்கூட. தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 முதல் மாதந்தோறும் வருகிறது. நுகர்வுக் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து நடந்து, வெளிவந்தும்விட்டது. நல்ல பழக்கம் இருக்கும்போதே அதைச் சட்டமாக்கிவிட வேண்டும். கசப்பான எண் கையில் வந்த பிறகு எந்த அரசும் ஆக்காது.

மேலூரில் அந்த இளைஞர் அடுத்த மாதமும் வந்தாராம். தேர்வான வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் வருவது இப்போதைய முறை. தங்கை போனில் சொன்னாள். இந்த முறை மோர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறாள்.

"போன மாசம் எழுதிட்டுப் போனீங்களே தம்பி, அது வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. பதினஞ்சாம் தேதியே வந்துருச்சு."

போனில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரே எண்ணும் கட்டமுமாக இருந்ததாம், கண்ணாடி இல்லாமல் ஒன்றும் புரியவில்லை என்றாள். இந்த வாரம் எத்தனை நாள் அரைத்தீர்கள் என்று அவர் கேட்க, மூன்று நாள்தான் என்று சொல்லியிருக்கிறாள். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது, மெக்கானிக் வியாழக்கிழமைதான் வந்தார்.